டிடெக்டர் வாங்கியாச்சு, எங்கே கொண்டுபோய் ஆட்டுவது?

புதுக்காயில்:

எல்லோருக்கும் வணக்கம். ஆறு மாதம் வீடியோ பார்த்துப் பார்த்து ஆசை முற்றிப்போய், ஒருவழியாக மெட்டல் டிடெக்டர் மெஷின் வாங்கிவிட்டேன். ஒற்றை அலைவரிசை வி.எல்.எஃப். ரகம் (மிகக் குறைந்த அலைவரிசையில் ஓடுவது), பதினோரு அங்குல காயில் (தரைக்கு மேல் ஆட்டும் வட்டத் தலை). கையேட்டை இரண்டு தடவை படித்தேன். தரையில் காசு, மோதிரம், ஆணி எல்லாம் போட்டு ஒவ்வொன்றும் எப்படிக் கத்துகிறது என்று காதைப் பழக்கினேன். அதெல்லாம் சரி, வெளியே எடுத்துக்கொண்டு போனால்தான் பிரச்சினை. இதுவரை நான்கு முறை போயிருக்கிறேன். ஒரு காலி மைதானம், ஒரு ஆற்றங்கரை, காட்டுக்குள் போகும் ஒரு பாதையில் இரண்டு முறை. மொத்தம் பதினோரு மணி நேரம் ஆட்டியிருப்பேன். கிடைத்தது இருபது ஆணி, கொஞ்சம் சோடா மூடி, ஒரு கதவுக் கீல், ஒரே ஒரு காசு. அதுவும் போன வருஷத்துக் காசு.

மெஷின் சரியில்லையா, நான் சரியில்லையா, இல்லை இடமே சரியில்லையா? நீங்கள் எல்லாம் நல்ல இடத்தை எப்படிப் பிடிக்கிறீர்கள்? வீட்டிலிருந்து அரைமணி தூரத்தில் ஒரு பழைய கோட்டை இடிந்து கிடக்கிறது. அவ்வளவு பழைய இடத்தில் ஏதாவது இல்லாமலா போகும்? போகலாமா?

துருஆணி:

கோட்டைப் பக்கம் போகாதீர்கள். மெஷினும் போகும், நீங்களும் உள்ளே போவீர்கள்.

தகரடப்பா:

துருஆணி சொன்னதுதான் சரி, அதற்கான காரணத்தை யாராவது வந்து விளக்குவார்கள். நான் உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன்.

தம்பி, நீங்கள் புதைத்ததைத் தேடுகிறீர்கள். புதுசாக வருகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான், நானும் ஒரு வருஷம் அப்படித்தான் அலைந்தேன். பானையில் போட்டுப் புதைத்தவன் ஆயிரத்தில் ஒருவன், அவனும் பெரும்பாலும் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போயிருப்பான். ஆனால் தவறவிடாத மனிதன் உண்டா? நமக்குக் கிடைப்பதில் கிட்டத்தட்ட எல்லாமே யாரோ தவறவிட்டதுதான். அதனால் பழைய இடம் எது என்று தேடாமல், கையிலும் பையிலும் இருப்பது கீழே விழுகிற மாதிரி மனிதர்கள் எங்கே என்ன செய்தார்கள் என்று யோசியுங்கள்.

மனிதன் நேராக நடந்து போகும்போது எதுவும் விழாது. குனியும்போது, உட்கார்ந்து எழும்போது, சட்டையைக் கழற்றும்போது, பையில் கைவிட்டுச் சில்லறை எடுக்கும்போது, ஓடி விளையாடி உருளும்போதுதான் விழும். உங்கள் காட்டுப் பாதையில் இரண்டு முறை போனதில் ஒன்றும் தேறாதது அதனால்தான். அதே பாதையில் மூச்சு வாங்க எங்கே நின்றிருப்பார்கள்? ஏற்றம் முடிகிற இடம், தண்ணீர் இருக்கிற இடம், நிழல், உட்கார வசதியான பாறை. பாதை முழுக்க ஆட்டாமல் அந்தப் பத்தடியை மட்டும் அங்குலம் அங்குலமாகப் பாருங்கள்.

மைதானம் என்றால் நட்டநடுவில் போய் நிற்பார்கள் எல்லோரும். பார்வையாளர்கள் உட்கார்ந்த ஓரம்தான் காசு. அதிலும் சரிவாக இருக்கும் பக்கம், மரம் இருக்கும் பக்கம். நான் அடிக்கடி போகும் ஒரு பழைய விளையாட்டுத் திடலில் பெரிய மரம் ஒன்று வெட்டப்பட்டு அடிக்கட்டை மட்டும் நிற்கிறது. மரம் இருந்தபோது நிழல் காலையில் ஒரு பக்கம், மாலையில் மறுபக்கம் விழுந்திருக்கும் இல்லையா? ஆட்டம் நடப்பது மாலையில். அப்படியானால் சனம் உட்கார்ந்தது கிழக்குப் பக்கம். அந்தப் பிறைவடிவத் துண்டு நிலத்தில் மட்டும் நாற்பதுக்கு மேல் காசு எடுத்தேன். மேற்குப் பக்கம் மூன்றுதான். மரத்தைச் சுற்றி வட்டமாகத் தேடியிருந்தால் பாதி நேரம் வீணாகியிருக்கும்.

புதுக்காயில்:

அந்த நிழல் விஷயம் என் தலையில் எட்டவே இல்லை அண்ணா, நன்றி. ஆனால் ஒரு சந்தேகம். இன்றைக்கு மரம் நிற்கிறது, திடல் இருக்கிறது என்றால் பார்த்தவுடன் தெரியும். மரமும் போய், திடலும் போய், வெறும் வயலாக இருந்தால்? ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே சனம் கூடியது எனக்கு எப்படித் தெரியும்?

வரைபடப்பித்தன்:

என் பெயரைக் கூப்பிட்ட மாதிரி இருக்கிறது.

நான் வெளியே ஒரு மணி நேரம் ஆட்டுவதற்கு முன்னால் வீட்டில் மூன்று மணி நேரம் உட்காருகிறவன். பழைய நில அளவை வரைபடம் ஒன்றை எடுத்து இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் இருப்பதில் எனக்கு அக்கறை இல்லை, பழையதில் இருந்து புதியதில் காணாமல் போனதுதான் வேண்டும். ஆற்றைக் கடக்கும் ஒரு பாதை பழைய படத்தில் இருக்கும், இன்று பாலம் ஒரு கிலோமீட்டர் தள்ளி வந்துவிட்டதால் அந்தப் பாதையே இருக்காது. அப்படியானால் பாதை ஆற்றைத் தொட்ட இடத்தில் படகுத்துறை இருந்திருக்கும், இல்லை ஆள் இறங்கிக் கடக்கும் ஆழமில்லாத துறை இருந்திருக்கும். சனம் அங்கே காத்திருந்தது, உட்கார்ந்தது, படகுக்காரனுக்குச் சில்லறை எடுத்துக் கொடுத்தது. தகரடப்பா சொன்ன எல்லாமே ஒரே இடத்தில்!

இரண்டு பாதை வெட்டிக்கொள்ளும் இடம், தனியாக நின்ற ஒரு வீடு, ரயில் நின்றுபோன சிறு நிலையம், சந்தைத் திடல் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பது, இதெல்லாம் அப்படித்தான். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் பழைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், ஒன்றில் சுட்டியை நகர்த்தினால் மற்றதிலும் நகரும். அங்கே போய்ப் பழகிப் பாருங்கள், இந்த வேலையின் ருசி தெரியும். கூகுள் எர்த்தில் பழைய வருஷங்களின் படத்தைப் பின்னோக்கி இழுத்துப் பார்க்கும் பட்டை ஒன்று இருக்கிறது, பாதிப் பேர் அதைத் தொட்டதே இல்லை. கோடை முற்றிய காலத்தில் எடுத்த படமாகத் தேடுங்கள். மண்ணுக்கடியில் சுவரோ கல்தளமோ இருந்தால் அதன் மேல் இருக்கும் புல் முதலில் காய்ந்து மஞ்சளாகும். பழைய பள்ளமோ வாய்க்காலோ தூர்ந்து கிடந்தால் அதன் மேல் மட்டும் பச்சை நிற்கும். தரையில் நின்றால் ஒன்றுமே தெரியாத வயல், மேலே இருந்து பார்த்தால் வீட்டின் அறைகளைக் கோடு போட்டுக் காட்டும். (அப்படிப் பளிச்சென்று தெரிந்தால் அது தொல்லியல் தளமாகவும் இருக்கலாம். அதை அறிவித்துவிட்டு ஒதுங்குங்கள்.)

லைடார் படம் கிடைக்கும் நாடுகளில் வேலை இன்னும் சுலபம். விமானத்திலிருந்து லேசர் அடித்து, மரங்களைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு, தரையின் மேடுபள்ளத்தை மட்டும் காட்டும். காட்டுக்குள் மூடிப்போன பழைய வண்டிப்பாதை ஒரு நீளக் குழியாகத் தெரியும்.

ஒரே எச்சரிக்கை. பழைய படத்தைப் புதிய படத்தோடு பொருத்தும்போது சில பத்து மீட்டர் தள்ளிப்போவது சகஜம். புள்ளி வைத்த இடத்தில் ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்துவிடாதீர்கள், சுற்றிலும் பாருங்கள். என் முதல் படகுத்துறையை அப்படித்தான் முப்பது மீட்டரில் கோட்டைவிட்டேன்.

தகரடப்பா:

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். படத்தில் வராதது வயசானவர்கள் வாயில் வரும். ஆனால் “இங்கே புதையல் ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டால் கதைதான் கிடைக்கும், நம்பிப் போனால் கால்தான் வலிக்கும். “சின்ன வயசில் எங்கே நீச்சலடிப்பீர்கள், பஸ் எங்கே நிற்கும், திருவிழாக் கடைகள் எந்தப் பக்கம் போடுவார்கள்?” என்று கேளுங்கள். கையை நீட்டிக் காட்டுவார்கள்.

ஈரமணல்:

வயல், வரைபடம் என்று போய்க்கொண்டே இருக்கிறீர்கள். கடற்கரை பக்கத்தில் இருந்தால் இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை நண்பரே, வாரம் தவறாமல் சனமே வந்து கொட்டிவிட்டுப் போகும். ஆனால் கடற்கரையையும் படிக்கத் தெரிய வேண்டும், அதைத்தான் பலரும் செய்வதில்லை.

காய்ந்த மணல் சுலபம். துண்டு விரித்து உட்காரும் வரிசை, நிழல்குடை வரிசை, பந்து விளையாடும் இடம், கடற்கரைக்கு இறங்கும் வழி. சாயங்காலம் சனம் கலைந்தபின் போனால் இன்றைய காசு கிடைக்கும். அதோடு குளிர்பான டின் வளையமும் அலுமினியத் தாளும் நிறைய வரும். எனக்கு அதில் பெரிய சுவாரசியம் இல்லை.

ஈர மணல் வேறு கணக்கு. மோதிரம் விழுவது தண்ணீரில்தான். குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கும், உடம்பில் எண்ணெயோ களிம்போ இருக்கும், அலை வந்து கையை இழுக்கும். விழுந்த மோதிரம் விழுந்த இடத்திலேயே இருக்காது, ஆனால் மணலைப்போல ஊரெல்லாம் சுற்றவும் சுற்றாது. மணல் தண்ணீரைவிட இரண்டரை மடங்கு கொஞ்சம் கூடுதல் கனம். ஈயம் 11 மடங்கு. சுத்தத் தங்கம் 19 மடங்கு, நகைத் தங்கம் கலப்பைப் பொறுத்து ஏறக்குறைய 13 முதல் 18. ஒவ்வொரு அலைக்கும் மணல் எழும்பி நகரும், கனமானது அப்படியே கீழே இறங்கி, களிமண்ணோ பாறையோ கெட்டியான அடுக்கு ஒன்று வரும்வரை போய் அங்கே தங்கிவிடும். அமைதியான மாதங்களில் கடல் அதன் மேல் மணலைக் கொண்டுவந்து குவிக்கும், அப்போது எந்த மெஷினாலும் எட்ட முடியாது. புயலோ பெரிய அலையோ வந்து அந்த மணலை வாரிக்கொண்டு போகும்போதுதான் நமக்குக் கதவு திறக்கும்.

அதனால் நான் இடத்தைத் தேடுவதைவிட நாளைத் தேடுகிறேன் என்று சொல்லலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் (கடலின் ஏற்ற இறக்கம்) அதிகம், தண்ணீர் வழக்கத்தைவிட வெகுதூரம் பின்வாங்கும். பெரிய அலை அடித்த மறுநாளும் அந்த இறக்கமும் ஒன்றாக வந்தால் எனக்கு வேறு வேலை கிடையாது. போனதும் மெஷினை இயக்க மாட்டேன், முதலில் நடந்து பார்ப்பேன். கரையில் மணல் சுவர்போல வெட்டுப்பட்டு நிற்கிறதா? முன்பு மூடிக்கிடந்த கல்லோ கருமணலோ சிப்பிப் படுகையோ வெளியே தெரிகிறதா? தண்ணீர் தேங்கி நிற்கும் நீளப் பள்ளம் எங்கே இருக்கிறது? அங்கேதான் ஆரம்பிப்பேன்.

இன்னொரு ரகசியம், ரகசியமே இல்லை, யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டு கிடைத்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். கடல் கனத்தைப் பார்த்துத்தான் பிரித்து வைக்கும், அதற்குத் தங்கம் ஈயம் என்று பெயர் தெரியாது. போன மழைக்காலத்தில் ஒரு பள்ளத்தில் ஈயக் குண்டாக வந்துகொண்டே இருந்தது, பதினேழு எண்ணினேன், கூட வந்தவர் அலுத்துப்போய்க் கரையேறிவிட்டார். பதினெட்டாவது சிக்னல் கல் வைத்த மோதிரம். அலுமினியமாகவே வந்துகொண்டிருந்தால் மட்டும் அந்த இடத்தை விட்டு நகருங்கள். இலேசான சாமான் சேரும் இடம் அது.

புதுக்காயில்:

ஈரமணல் சார், பள்ளம், ஈயக்குண்டு இரண்டையும் குறித்துக்கொண்டேன். ஒருமுறை கடலோரம் போனேன், எழுத வெட்கமாக இருந்ததால் கணக்கில் சேர்க்கவில்லை. காய்ந்த மணலில் ஒழுங்காக இருந்த மெஷின், ஈர மணலில் காயிலை வைத்ததும் நிற்காமல் கத்தியது. பழுதா?

ஈரமணல்:

பழுதில்லை. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், அதையே உலோகம் என்று ஒற்றை அலைவரிசை மெஷின் நினைத்துக்கொள்கிறது. உணர்திறனைக் குறையுங்கள், கிரவுண்ட் பேலன்ஸை (மண்ணால் வரும் சத்தத்தை மெஷின் கழித்துக்கொள்ளச் செய்யும் அமைப்பு) அந்த ஈர மணலிலேயே செய்யுங்கள், காயிலைத் தரையில் இடிக்காமல் ஒரே உயரத்தில் கொண்டுபோங்கள். ஓரளவு அடங்கும், ஆழம் குறையும். ஈர மணலுக்கென்றே பல அலைவரிசையை ஒரே நேரத்தில் அனுப்பும் மெஷின் இருக்கிறது. பல்ஸ் இண்டக்‌ஷன் ரகம் உப்பைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது, ஆனால் ஆணிக்கும் தங்கத்துக்கும் வித்தியாசம் சொல்லாது, எல்லாவற்றையும் தோண்ட வேண்டும். இப்போதைக்கு இருப்பதை வைத்துக் காய்ந்த மணலிலும் ஆற்றங்கரையிலும் பழகுங்கள்.

துருஆணி:

//குளிர்பான டின் வளையமும் அலுமினியத் தாளும் நிறைய வரும். எனக்கு அதில் பெரிய சுவாரசியம் இல்லை//

குப்பை உள்ள இடத்துக்கு நானும் போவதில்லை. சிக்னல் குறைவான சுத்தமான இடமாகப் பார்த்துப் போனால் நிம்மதி.

தகரடப்பா:

இதில் மட்டும் உங்கள் இருவரோடும் சண்டை போடுவேன். என் பெயரே அதுதானே.

சுத்தமான இடம் என்றால் என்ன அர்த்தம்? சனமே வரவில்லை என்று அர்த்தம். இல்லையென்றால் நமக்கு முன்னால் ஒருவன் வந்து வாரிக்கொண்டு போயிருப்பான். குப்பைதான் சாட்சி! அதோடு குப்பைக்கு வயசு இருக்கிறது. பல்பல்லாக மடிந்த சோடா மூடிக்கு 1892-இல் காப்புரிமை வாங்கினார்கள். டின்னிலிருந்து பிய்த்துக் கையோடு வரும் வளையம் 1960-களில் வந்தது, டின்னோடே ஒட்டிக்கொண்டிருக்கும் இன்றைய பட்டை 1970-களின் நடுவில் வந்து மெல்ல மெல்ல அதை ஒழித்தது. ஆகவே ஒரு மரத்தடியில் பிய்த்துப் போட்ட வளையமாக வருகிறது, ஒட்டுப் பட்டை ஒன்றுகூட இல்லை என்றால், ஒரு காலத்தில் அங்கே கூட்டம் இருந்தது, பிறகு சனம் வருவதை நிறுத்திவிட்டது. அதைவிட நல்ல செய்தி எனக்கு எந்த வரைபடத்திலும் கிடைத்ததில்லை (பித்தன் மன்னிக்க). ஆணியும் அப்படித்தான். சதுரத் தண்டாக, தலை கோணல்மாணலாக இருந்தால் கையால் அடித்தது, இல்லை பழைய இயந்திரத்தில் வெட்டியது. உருண்டைக் கம்பி ஆணி எங்கும் பரவியது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். புதுக்காயில், உங்கள் இருபது ஆணியைத் தூக்கி எறிந்துவிட்டீர்களா? எந்த இடத்தில் எது கிடைத்தது?

புதுசாக ஓர் இடத்துக்குப் போனால் முதல் அரைமணி நேரம் நான் எதையும் எதிர்பார்ப்பதில்லை. குறுக்கும் நெடுக்குமாக நடந்து, கிடைக்கிற குப்பையை மட்டும் பார்ப்பேன். ஆணி எங்கே அடர்த்தியோ அங்கே வீடு. மூடி எங்கே அடர்த்தியோ அங்கே கூட்டம். பிறகுதான் கட்டம் போட்டு மெதுவாக.

என்ன உலோகம் என்று ஊகிக்க மெஷின் திரையில் ஒரு எண் வரும் இல்லையா, தங்க மோதிரத்துக்கு வரும் எண்ணும் டின் வளையத்தின் எண்ணும் ஏறக்குறைய ஒன்றுதான். வளையம் வேண்டாம் என்று அந்த எண்ணுக்குச் சத்தம் வராமல் அடைத்து வைத்தால் மோதிரத்தையும் சேர்த்து அடைத்துவிட்டீர்கள். குப்பை அதிகமான இடத்தில் பதினோரு அங்குலக் காயிலைக் கழற்றிவிட்டு ஐந்தாறு அங்குலச் சின்னக் காயில் மாட்டுங்கள். பெரிய காயிலின் கீழே ஒரே நேரத்தில் நான்கு ஆணியும் ஒரு காசும் இருந்தால் ஆணியின் சத்தம் காசை முழுங்கிவிடும். எல்லோரும் தேடி முடித்துவிட்டார்கள் என்று சொல்லும் இடத்தில் எனக்குக் கிடைத்ததெல்லாம் இப்படி ஆணிக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தவைதான்.

துருஆணி:

என் முதுகுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். நூறு மூடிக்கு நூறு தடவை குனிய வேண்டும்.

(வளையத்துக்கு வயசு பார்க்கலாம் என்பது எனக்குத் தெரியாது. ஒப்புக்கொள்கிறேன்.)

அகழாய்வுமாணவி:

தாமதமாக வருகிறேன். கோட்டைக் கேள்விக்கு யாரும் காரணம் சொல்லவில்லையே.

பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடத்தில் அனுமதியில்லாமல் டிடெக்டர் ஆட்டுவது பல நாடுகளில் குற்றம். அயர்லாந்தில் தொல்பொருள் தேடி டிடெக்டரை எங்கே இயக்கவும் முன் அனுமதி வேண்டும். அமெரிக்காவில் தேசியப் பூங்காக்களில் மெஷினுக்கே இடமில்லை, கூட்டரசு நிலத்தில் நூறு வருஷம் தாண்டிய தொல்பொருளை எடுக்க 1979-ஆம் ஆண்டுச் சட்டம் தடை போடுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிலக்காரரின் அனுமதி வேண்டும், புதையல் என்று 1996-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் வகையில் எது கிடைத்தாலும் அறிவிக்க வேண்டும். இந்தியாவில் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இருக்கிறது. உங்கள் இடத்தில் என்ன சட்டம் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் மெஷினையே வெளியே எடுக்க வேண்டும், “எனக்குத் தெரியாது” என்றால் விடமாட்டார்கள்.

சட்டத்தை விடுங்கள். கோட்டைக்குள் மண் அடுக்கடுக்காகக் கிடக்கும். ஒரு காசு எந்த அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அந்தச் சுவர் எப்போது எழுந்தது, எப்போது எரிந்தது என்று எங்களால் சொல்ல முடியும். நீங்கள் குழி போட்டுக் காசை மட்டும் எடுத்தால் உங்கள் கையில் ஒரு காசு இருக்கும், எங்களுக்கு ஒரு ஓட்டை இருக்கும்.

துருஆணி:

நான் தேடுவது உழுத வயல். நிலக்காரரே சரி என்கிறார். அதிலும் என்ன குறை?

அகழாய்வுமாணவி:

அதில் குறை குறைவு, உண்மைதான். கலப்பை போகும் ஆழம்வரை மண் ஏற்கெனவே புரண்டு கலைந்தது, அந்த மேல்மண்ணில் கிடப்பது நேற்று ஒரு இடம், இன்று ஒரு இடம். அதனால்தான் சட்டம் அனுமதிக்கும் இடங்களில் உழுத வயலைத் தேடுபவர்களோடு எங்களுக்குப் பெரிய சண்டை இல்லை, கிடைத்த புள்ளியைக் குறித்து வைத்தால் நன்றியே சொல்வோம். கலப்பை எட்டாத ஆழத்தில் பெரிய சிக்னல் வந்தால் மட்டும் நிறுத்துங்கள்.

1992-இல் இங்கிலாந்தின் ஹாக்ஸ்னே என்ற ஊரில் எரிக் லாஸ் என்பவர் விவசாயி நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடப்போனார். கிடைத்தது ரோமானியக் காசுகள் ஏறக்குறைய 15,000, தங்க வெள்ளிச் சாமான்கள் 200. கொஞ்சம் எடுத்ததுமே கையை நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். தொல்லியல் ஆட்கள் வந்து மண்ணோடு இருந்தபடியே எடுத்ததால் அது ஒரு மரப்பெட்டி, உள்ளே இன்ன பொருள் இன்ன இடத்தில் அடுக்கியிருந்தது என்பதுவரை தெரிந்தது. 2010-இல் ஃப்ரோம் என்ற இடத்திலும் அப்படித்தான், ஒரே பானையில் 52,503 காசு, கண்டவர் தோண்டுவதை நிறுத்தினார், பானைக்குள் எந்தக் காசு மேலே எது கீழே என்று அடுக்காக எடுத்தார்கள்.

துருஆணி:

சுத்தியல் கிடைத்ததா இல்லையா?

அகழாய்வுமாணவி:

கிடைத்தது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில்.

இன்னொன்று. பழைய போர்க்களம், ராணுவப் பயிற்சித் திடல் இதெல்லாம் “நல்ல இடம்” பட்டியலில் வரவே கூடாது. வெடிக்காத குண்டு எத்தனை வருஷமானாலும் குண்டுதான். துருப்பிடித்த உருளையோ இறக்கை வைத்த எதுவோ கண்ணில் பட்டால் தொடாமல், மண்ணைத் தட்டாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

தகரடப்பா:

சுத்தியல் கதையில் நமக்கு ஒரு வழியும் இருக்கிறது. அனுமதி கேட்கத்தான் நிறையப் பேருக்குக் கூச்சம். “உங்கள் நிலத்தில் புதையல் தேடலாமா” என்று கேட்டால் எவன் சரி என்பான்? “இந்த நிலத்தில் நீங்கள் ஏதாவது தொலைத்தீர்களா, தேடித் தருகிறேன்” என்று கேளுங்கள். நிலம் வைத்திருப்பவன் எதையாவது தொலைத்திருப்பான். கையில் ஒரு சின்னக் கரண்டி மட்டும் வைத்திருங்கள், மண்வெட்டியோடு போய் வாசலில் நிற்காதீர்கள். கிடைப்பதை எப்படிப் பங்கு போடுவது என்பதை அன்றே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கிடைத்த பிறகு பேசினால் நட்பு முறியும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆறு வருஷம் போய்வந்த ஒரு நிலம். ஒருநாள் புதிதாக ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல மனிதர், ஆனால் கை அவசரம். புல்லை மூன்று பக்கம் வெட்டி மூடிபோல மடக்கித் திறந்து, எடுத்த பின் அப்படியே மூடி மிதிக்க வேண்டும் என்று சொல்லித்தான் கூட்டிப் போனேன். அவர் குழியைக் குழியாகவே விட்டுவிட்டு அடுத்த சிக்னலுக்குப் போயிருக்கிறார், நானும் ஹெட்போனில் கவனிக்கவில்லை. மறுநாள் நிலக்காரரின் மாடு அதில் காலை விட்டது. எலும்பு முறியவில்லை, ஆனால் எனக்கு அந்தக் கதவு மூடியது, பக்கத்து நிலங்களும் சேர்ந்து மூடின. இப்போது யாரோடு போனாலும் கிளம்பும் முன் நானே ஒரு சுற்று நடந்து குழி பார்க்கிறேன்.

வரைபடப்பித்தன்:

அதனால்தான் நான் யாரையும் கூட்டிப் போவதில்லை. இடத்தைப் பொதுவில் எழுதுவதும் இல்லை. கிடைத்ததைப் படம் எடுத்துப் போட்டால் பின்னால் தெரியும் மலையை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

புதுக்காயில்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கோட்டையை மறந்துவிட்டேன்.

பழைய படத்தை வைத்துப் பார்த்தேன். ஆற்றோரம் ஒரு பாதை போய் முடிகிறது, படகுத்துறை என்றே போட்டிருந்தது. இன்று அங்கே வயல். இரண்டு நாள் தயங்கிவிட்டு நிலக்காரரிடம் போனேன். தகரடப்பா அண்ணா சொன்ன மாதிரியே “ஏதாவது தொலைத்தீர்களா” என்று கேட்டேன். சிரித்துவிட்டு, போன உழவில் டிராக்டரின் இணைப்புப் பின் ஒன்று விழுந்துவிட்டது, முடிந்தால் தேடு பார்க்கலாம் என்றார். இரண்டாவது மணி நேரத்தில் எடுத்துக் கொடுத்தேன். ஒரு சாண் நீள இரும்பு, மெஷின் செத்தவனை எழுப்புகிற மாதிரி கத்தியது. விதைப்பு வரை எப்போது வேண்டுமானாலும் வா என்றார்.

முதலில் குப்பை பார்த்தேன். வயலின் உள்பக்கம் ஒன்றுமே இல்லை. ஆற்றுக்கு நாற்பது அடி முன்னால் சதுர ஆணி வர ஆரம்பித்தது, கூடவே ஈயக் குண்டு நான்கு. சிக்னலுக்கு நடுவில் இடமே இல்லாத மாதிரி இருந்ததால் சின்னக் காயில் கடன் வாங்கி மாட்டினேன். மூன்று வாரத்தில் காசு பதினான்கு. ஒன்பதில் எழுத்து தேய்ந்து வழுவழுவென்று இருக்கிறது, மற்றவை படிக்க முடிகிறது. ஒரு பித்தளைப் பொத்தான், பாதி உடைந்த ஒரு பூட்டு, சின்னச் சாவி ஒன்று. சாவி அந்தப் பூட்டுக்குச் சேரவில்லை, போட்டுப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் புள்ளி குறித்து வைத்திருக்கிறேன் மாணவி அவர்களே, நிலக்காரரிடமும் காட்டிவிட்டேன்.

துருஆணி:

காசைத் தேய்த்துக் கழுவாதீர்கள். தண்ணீரில் ஊறவைத்து மண்ணை மட்டும் போக விடுங்கள்.

புதுக்காயில்:

ஒரு காசைத் தேய்த்துவிட்டேன். அதுதான் வழுவழு ஒன்பதில் ஒன்று. இனி செய்ய மாட்டேன்.

இப்போது கேள்வி, அந்த ஓரம் முழுக்கப் பார்த்தாகிவிட்டது, சிக்னல் குறைந்துவிட்டது. விதைப்புக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதே வயலில் குறுக்குத் திசையில் இன்னொரு முறை ஆட்டட்டுமா, இல்லை வேறு இடம் பார்க்கட்டுமா?

தகரடப்பா:

குறுக்கே ஒரு முறை கட்டாயம் ஆட்டுங்கள், மெதுவாக. செங்குத்தாகச் சாய்ந்து கிடக்கும் காசு ஒரு பக்கம் போகும்போது கத்தாது, மறுபக்கம் கத்தும்.

வரைபடப்பித்தன்:

படகுத்துறை என்றால் இரண்டு கரை தம்பி. எதிர்க்கரை யாருடைய நிலம் என்று பார்த்தீர்களா?

புதுக்காயில்:

…

இல்லை. நாளைக் காலை அதுதான் வேலை.